எந்த மலை வெடித்தது

கண்ணு,

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுத்து அனுப்புகிறேன். கும்மிடிப்பூண்டிக்குக் கூடை தூக்கிப் போகிற மீன்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு எழுத்து தெரியாது, உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கிற பையன்களுக்குத் தெரியும். அவர்கள் உனக்கு முன்னால் படித்தாலும் படிக்கட்டும், இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நேற்று உன் பெண்டாட்டி வசந்தாவைத் திருவள்ளூர் வரைக்கும் கூட்டிப் போய், அவள் அம்மா வீட்டுக்கு ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். கம்பெனி கேட் திறக்கிற வரைக்கும் கும்மிடிப்பூண்டி அறையிலேயே காத்திருக்கிறேன், இவளை அனுப்பிவிடு என்று நீ சொல்லிவிட்டுப் போனபடியே செய்தாயிற்று. கல்யாணப் புடவையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை, அதையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். பொன்னேரியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூர் வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் ஒன்று கேட்டாள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவள் என்ன கேட்டாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் நீ பாதியில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய்.

கல்யாணமான மாதமே உன் கம்பெனி கேட்டை மூடிவிட்டது. கரண்ட் கட் என்றார்கள், ஆர்டர் இல்லை என்றார்கள், மறுபடி கூப்பிடுகிறோம் என்றார்கள். நீ சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாய். வசந்தா தண்ணீர் கொண்டு வந்தாள். நீ சொம்பை வாங்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னாய்: "எல்லாம் இவ கால் வெச்ச நேரம்." அவ்வளவுதான். நீ கத்தவில்லை, அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. ஆனால் அந்த வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். கண்ணு, நீ சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் உன்னைப் பெற்றவள் இல்லை. இது ஊருக்கே தெரிந்த சமாசாரம். உன்னைப் பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அறுபத்து நாலாம் வருஷம் தை மாதம், செவ்வாப்பேட்டையிலிருந்து என்னை உன் நைனாவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டி வைத்தார்கள். உனக்கு அப்போது எட்டு வயசு. வந்த அன்றைக்கு உன் அத்தை, அதாவது உன் நைனாவின் அக்கா, மூத்தாளின் சேலையை மடித்து விளக்கு முன்னால் வைத்து என்னை விழுந்து கும்பிடச் சொன்னாள். கும்பிட்டேன். அவள் ஒத்துக்கொண்டால்தான் இந்த வீட்டில் எனக்கு இடம் என்றாள். செத்துப்போனவளிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. பத்தொன்பது வயசு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருகிற வயசு. அந்தச் சிரிப்பு அந்த மாசி மாதத்தோடு நின்றுபோனது.

நம் வீட்டுப் பிழைப்பு உப்பளம். பழவேற்காட்டு ஏரியின் உப்புத் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காய்ச்சி, உப்பு இறங்கினதும் மரப்பலகையால் வாரிக் கரையில் குவிப்பது. புதுசாக வந்த மருமகள்தான் அந்த வருஷத்து முதல் உப்பை வார வேண்டும் என்பது வழக்கம். மாசிக் கடைசியில் என்னைக் குளிக்கச் சொல்லி, மஞ்சள் பூசி, பாத்தியில் இறக்கிவிட்டார்கள். நான் பலகையை இழுத்தேன். சேறுதான் வந்தது. இன்னொரு தரம் இழுத்தேன். சேறும் தண்ணீரும், நடுவில் நொய்யரிசி மாதிரி கொஞ்சம் உப்பு. கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். நீ மட்டும் ஓடி வந்து அந்த நொய்யைக் கையில் அள்ளிப் பார்த்தாய். பங்குனியிலும் அப்படித்தான், சித்திரையிலும் அப்படித்தான். வெயில் அடித்தது, ஆனால் அது உறைக்கவில்லை. வானம் நீலமாக இல்லாமல் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. உச்சி நேரத்தில் சூரியனைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. உப்பு இறங்குகிற நேரம் பார்த்து இரண்டு தரம் மழையும் பெய்து இருந்ததையும் கரைத்தது.

சாயங்காலம்தான் எல்லாரையும் பயமுறுத்தியது. சூரியன் விழுந்து விளக்கு ஏற்றின பிறகும் மேற்கே வானம் அணையாது. முதலில் மஞ்சள், பிறகு ரோஜா நிறம், பிறகு குங்குமத்தைக் கரைத்து ஊற்றின சிவப்பு. ஏரித் தண்ணீர் முழுக்க அந்தச் சிவப்பு நிற்கும். வலை வீசப் போனவர்கள்கூடப் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் உன் அத்தை கரையில் நின்று சொன்னாள்: "மூத்தா கோவமா கீறா. பாரு, வானத்துல மூஞ்சி செவந்துகினு நிக்கிறா." அன்றிலிருந்து அது கோபமாகிவிட்டது. நான் கால் வைத்த நேரம், மூத்தாளின் கோபம், உப்பு விளையாதது, மூன்றும் ஒரே பேச்சாகிவிட்டது. உனக்கோ அது கோபமாகத் தெரியவில்லை. நீ தினமும் கைவேலையைப் போட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வாய். சாப்பிடக் கூப்பிட வந்த என்னிடம் ஒருநாள் மெதுவாகச் சொன்னாய்: "இரு சின்னம்மா, அம்மா இன்னும் போவல." நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவப்பு முழுக்க வடிகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்தோம். என்னைத் துரத்தச் சொல்லுகிற வானத்தை உனக்குத் துணையாக உட்கார்ந்து பார்த்தேன், அதுதான் என் புத்தி.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் நம் அளத்தில் மட்டுமா விளையவில்லை? ஏரிக்கரை முழுக்க அதே கதைதான். உப்பு வாங்க வருகிற பழவேற்காட்டு பாய் ஒவ்வொரு கரையாகப் பார்த்துவிட்டு வந்து, எல்லா இடத்திலும் சேறுதான் என்று உன் நைனாவிடம் சொன்னார். நான் உள்ளே நின்று கேட்டேன், மனசில் ஒரு துளி தெம்பு வந்தது. எல்லாருக்கும் விளையவில்லை என்றால் என் காலைக் குற்றம் சொல்ல முடியாதே என்று நினைத்தேன். எவ்வளவு வெகுளி பார். பக்கத்து அளத்துக்காரர் வீட்டில் வேப்ப மரத்தை வெட்டினதால் விளையவில்லை என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் மூலத்தில் பிறந்த ஒரு பச்சைக் குழந்தையைச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கைக்கெட்டின ஒன்று கிடைத்தது. நம் வீட்டில் நான் கிடைத்தேன்.

ஆடி மாதம் பெரியபாளையத்துக்குக் கூட்டிப் போய் எனக்கு வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்ற வைத்தார்கள். சுற்றினேன். அடுத்த வருஷமும் உப்பு அரைகுறைதான். அதற்கும் அடுத்த வருஷம், பாத்தியில் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன்னாலேயே என்னைச் செவ்வாப்பேட்டையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அந்தப் பருவத்தில்தான் உப்பு விளைந்தது. சும்மா இல்லை, கரை கொள்ளாமல் விளைந்தது. வானமும் பழையபடி நீலமாகிவிட்டது, சாயங்காலச் சிவப்பும் போய்விட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நான் போனேன், மூத்தாள் சமாதானமானாள், உப்பு வந்தது. என் அப்பா அம்மாவே அதை நம்பினார்கள். ராத்திரி படுத்தால் நானும் நம்பினேன். அது பொய் இல்லை கண்ணு, நானும் என் காலைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன்.

பிறகு நீ சோறு தின்ன மாட்டேன் என்று அடம் பிடித்ததால் உன் நைனா உன்னோடு வந்து என்னைக் கூட்டிப் போனார். ஸ்டேஷன் பெஞ்சில் உன்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, அளத்துப் பக்கம் மட்டும் நான் வரக்கூடாது என்றார். சரி என்றேன். இன்றைக்கு வரைக்கும் நான் ஒரு பாத்தியிலும் கால் வைத்ததில்லை. உப்பளத்துக்காரன் பெண்டாட்டி கடையில் உப்பு வாங்குகிறாள் என்று ஊரே சிரித்தது, நீயும் பார்த்திருக்கிறாய். உன் நைனா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் படுக்கையில் விழுந்து, பேச்சு குழறிய கடைசி நாளில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. "உம்மேல எனக்குக் கோவம் இல்ல. உன் நேரம் அப்டி, நீ இன்னா பண்ணுவே." என்னை மன்னித்துவிட்டுப் போனார். நான் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவருக்கு வாய்க்கரிசி போட்டேன்.

அதற்குப் பிறகு நீ காலேஜுக்குப் போனாய். ஒருநாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கே ஓடி வந்தாய். நான் கிழங்கான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உன் வாத்தியார் வகுப்பில் சொன்னார் என்று ஆரம்பித்தாய். அறுபத்து மூணாம் வருஷம் பாலித் தீவில் ஒரு எரிமலை வெடித்ததாம். அது கக்கின சாம்பல் சீக்கிரமே கீழே விழுந்துவிடுமாம், விழாதது அதன் புகைதானாம். பட்டாசு வெடித்தால் ஒரு நெடி வருமே, அந்தக் கந்தகப் புகை மேகத்துக்கும் மேலே போய்விடும், அங்கே மழையே கிடையாது, அதனால் அதைக் கழுவி இறக்க ஆளில்லை என்றாய். அங்கேயே அது பனியை விடப் பொடியான துளியாகி, காற்றோடு காற்றாக உலகம் முழுக்கச் சுற்றும். வருகிற வெயிலில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அதனால் பூமி கொஞ்சம் குளிரும். பகலில் வானம் வெளுக்கும், சூரியனைச் சுற்றி வளையம் தெரியும், சாயங்காலம் சிவக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தத் துளியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும், பிறகு வெயில் பழையபடி ஆகிவிடும். நீ மூச்சுவிடாமல் சொன்னாய். நான் மீன் வாசனைக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லம்மா. அது மலைம்மா," என்றாய்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைச் சின்னம்மா என்று கூப்பிடாமல் அம்மா என்று கூப்பிட்டாய். கவனித்தாயா என்று தெரியவில்லை, நான் கவனித்தேன். நான் பெண் பார்க்கப்படுவதற்கு முன்னாலேயே, இந்த ஊர்ப் பெயரைக் காதால் கேட்பதற்கு முன்னாலேயே அந்த மலை வெடித்துவிட்டது. என் கால் இந்த வாசலில் படுவதற்குள் அதன் புகை நம் தலைக்கு மேலே வந்து நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. சொல்லி முடித்துவிட்டு நீ வாசலில் போய் நின்று மேற்கே வெகு நேரம் பார்த்தாய். எனக்கு மலை கிடைத்த அன்றைக்கு உனக்கு அந்தச் சிவப்பிலிருந்து உன் அம்மா போய்விட்டாள். எனக்காக அதையும் விட்டுக்கொடுத்தாய் என்று நினைத்து அன்று ராத்திரி அழுதேன்.

மறுநாள் உன்னைக் குடைந்தேன். எவ்வளவு குளிர்ந்தது என்று கேட்டேன். உலகம் முழுக்கச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு டிகிரியில் சின்னப் பங்குதான் என்றாய். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவ்வளவு சின்னக் குளிருக்கா உப்பு நின்றுபோகும் என்றேன். நீ பொய் சொல்லவில்லை. "அதாலதான்னு அடிச்சி சொல்ல முடியாதும்மா. மழையும் பேஞ்சுது இல்ல," என்றாய். உலகத்துக் கணக்கு வேறு, நம் ஏரிக்கரைக் கணக்கு வேறு, ஓர் இடத்தில் குறையும் இன்னோர் இடத்தில் கூடும் என்றாய். ஆக எனக்குக் கிடைத்த விடுதலையும் அரைகுறைதான். பரவாயில்லை, பத்து வருஷத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல் கிடந்தவளுக்கு அதுவே பெரிசு. அப்போதுதான் இன்னொரு கதையும் சொன்னாய். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் அந்தப் பக்கத்துத் தீவிலேயே இதைவிடப் பெரிய மலை ஒன்று வெடித்து, எங்கேயோ வெள்ளைக்காரர்கள் ஊரில் மறு வருஷம் கோடையே வரவில்லையாம், பயிர் போய் ஜனங்கள் பட்டினி கிடந்தார்களாம். நீ மலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாய். எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது. அந்த வருஷம் அங்கே எத்தனை மருமகள்களைத் திருப்பி அனுப்பினார்களோ.

உன் அத்தையிடம் போய் நீயே சொன்னாய், ஞாபகமிருக்கிறதா? அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த மலையை வெடிக்க வைத்தது யார் என்று கேட்டாள். நீ தலையில் அடித்துக்கொண்டு வந்தாய். அன்றைக்கு நான் சிரித்தேன், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. அத்தைக்குப் புரியாது, இவனுக்குப் புரிந்ததே அது போதும் என்று நினைத்தேன். இந்த வீட்டில் அந்தப் பேச்சு அவளோடு முடிந்தது என்று நம்பினேன். அந்தத் துளியெல்லாம் இறங்கி எத்தனை வருஷமாயிற்று. மேலே ஒன்றும் இல்லை, கீழேதான் இன்னும் இருந்திருக்கிறது, உன் வாயில் இருந்திருக்கிறது.

இப்போது நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று, நன்றாகப் படி. உன் கம்பெனி கேட்டை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் திறப்பார்கள். கரண்ட் வரும், ஆர்டர் வரும், கூப்பிட்டு அனுப்புவார்கள். அது அவர்கள் கணக்கு, வசந்தா அதில் இல்லை. ஆனால் அவள் ஆர்.கே.பேட்டையில் இருக்கும்போது கேட் திறந்தால், அவள் கதை முடிந்தது. அவள் போனாள், வேலை வந்தது என்று ஊர் சொல்லும். என்னைச் செவ்வாப்பேட்டைக்கு அனுப்பின பிறகு உப்பு விளைந்ததே, அதே சாட்சி. அதற்கப்புறம் நீ அவளைக் கூட்டி வந்தாலும், பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து தலைவலிக்குத் தைலம் தேய்த்தாலும், அவள் சாகிறவரை அந்த வார்த்தையோடுதான் உன் வீட்டில் இருப்பாள். எனக்கு அந்த வாழ்க்கை தெரியும். அதனால் வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லாதே. கேட் திறப்பதற்கு முன்னால் போ. கையில் காசில்லாமல், வேலையில்லாமல், இப்போது இருக்கிறபடியே போய் அவளைக் கூட்டி வா. அப்படி வந்தால்தான் அவளுக்கு அது பிரயோஜனம்.

நீ போக மாட்டாய். உன்னைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கைக்கெட்டின ஒன்றைப் பிடித்துக்கொள்வது சுலபம். உனக்கும் பயம், ஆம்பளை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற அவமானம் எனக்குப் புரியாமல் இல்லை. படித்தவன், மலையையும் வானத்தையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன், நீயே இப்படி என்றால் இனி யாரிடம் போய் எதைச் சொல்வது? எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. எழுதாமல் இருந்தால் நானும் அனுப்பினவளாகிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பஸ் ஏற்றிவிட்டதே நான்தானே, அதிலேயே பாதி ஆகிவிட்டேன்.

கடைசியாக அவள் கேட்டதைச் சொல்கிறேன் என்றேனே. ரயிலில் அவளுக்குத் தைரியம் சொல்லலாம் என்று என் கதை முழுவதையும் சொல்லிக்கொண்டு போனேன். சேறு வந்தது, சிவப்பு, வேப்பிலை, செவ்வாப்பேட்டை, நீ அடுப்படியில் வந்து சொன்னது, எல்லாம். நீ நல்லவன், கொஞ்ச நாளில் உனக்கே புரியும் என்றுகூடச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள், கேட்கிறாளா என்றே தெரியவில்லை. திருவள்ளூரில் பஸ் கிளம்பப் போகிற நேரம், படியில் ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர்கூட இல்லை. கணக்குக் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள்:

"உங்களுக்கு ஒரு மலை கெடச்சுது அத்தே. எனக்கு எந்த மலை வெடிச்சுது?"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். பஸ் திரும்புகிற வரைக்கும் அவள் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள், பதிலுக்காக. நான் கையைக்கூடத் தூக்காமல் நின்றேன். நீ படித்தவன், உனக்குத் தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம். போய் அவளிடம் சொல்.

உன் அம்மா